ஓடு வேய்ந்தால் விருது வந்துவிடுமா?

வருஷத்துக்கு ஒருமுறை அந்த அறிவிப்பு வரும். சிறந்த கட்டடங்களுக்கான விருது, விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன, கடைசித் தேதி இன்னது. தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்களில் அன்றைக்கு யாரும் அசைய மாட்டார்கள். கடைசித் தேதிக்கு முந்தின ராத்திரிதான் விளக்கு எரியும். போட்டோகிராபருக்கு போன் பறக்கும், பழைய கம்ப்யூட்டரில் பிளானைத் தேடுவார்கள், ஜூனியர் பையன் கண் சிவக்க ஷீட், அதாவது விண்ணப்பத்தோடு போகும் படத்தாள், அடுக்குவான்.

மார்த்தாண்டத்தில் எனக்கு ஒரு சின்ன ஆபீஸ். பாதி வேலை குமரி மாவட்டத்தில், மீதி கேரளத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம். பல தடவை விருதுக்கு அனுப்பித் தோற்றிருக்கிறேன், ஒரு தடவை கிடைத்தது. அப்புறம் இரண்டு வருஷம் முதற்கட்டத் தேர்வுக்கு உட்கார்ந்து மற்றவர்கள் அனுப்பியதைப் பார்க்க வாய்த்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தபோதுதான் நான் செய்த தப்பெல்லாம் அடுத்தவர் ஷீட்டில் வரிசையாகத் தெரிந்தது.

அதில் பெரியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வட்டாரக் கட்டடக்கலை, அதாவது அந்தந்த ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றபடி கட்டுவது, என்றால் சரிந்த கூரையும் ஓடும்தான் என்று நினைப்பது. நம்ம பக்கம் இதற்கு ‘கேரளா மாடல்’ என்று பெயர். கான்கிரீட்டைச் சரிவாக வார்த்து, அதன் மேல் ஓட்டை சிமெண்டில் பதித்து, முகப்பில் இரண்டு மரத்தூண் நிறுத்திவிட்டால் முடிந்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஓட்டுக்கூரை வேலை செய்கிற விதமே வேறு. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே காற்று கசியும், மேலே ஏறிய சூடு அந்த இடுக்கு வழியாக வெளியே போய்விடும். கீழே மரப்பலகையில் மச்சு இருந்தால் மிச்சச் சூடும் அறைக்குள் இறங்காது. கான்கிரீட் அப்படியல்ல. பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, நாம் பாய் விரிக்கிற நேரத்தில் தலையில் இறக்கும். மேலே ஒட்டிய ஓடு அதற்கு ஒரு சட்டை, அவ்வளவுதான். இதை ‘மண்ணின் மரபு’ என்று எழுதி அனுப்பினால், விவரம் தெரிந்த ஜூரி, கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படத்தில், அதாவது முதல் செக்‌ஷனிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையை நாம் எல்லோரும் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்தவர்கள்தான். மண் தமிழ்நாட்டினுடையது, பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறையினுடையது. 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் இந்தப் பக்கம் வந்த பிறகும் அந்த ஏற்பாடு அப்படியே இருக்கிறது. அடுத்த முறை போனால் கூரையின் அழகை விட்டுவிட்டு இறவாரத்தை, அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரத்தை, பாருங்கள், எவ்வளவு தாழ்ந்து வருகிறது என்று. நமக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழையும் உண்டு, அக்டோபரில் வடகிழக்கும் உண்டு. இரண்டு திசையிலிருந்தும் வரும் சாரலைச் சுவரில் படாமல் நிறுத்த அந்தத் தாழ்வு வேண்டும். அரண்மனையின் ஆலோசனை மண்டபமான மந்திரசாலையின் மரச்சட்ட ஜன்னல்கள் காற்றை உள்ளே விட்டு வெளிச்சத்தின் கூச்சத்தை வெளியே நிறுத்துகின்றன. மரபு என்று நாம் சொல்வது அந்தக் காரணம். ஓட்டின் சிவப்பு நிறம் அல்ல.

இதற்கு எதிர்ப்பக்கத்து உதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு அருகே ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ். சரிந்த கூரை இல்லை, மரத்தூண் இல்லை, சிவப்பாகச் சுற்றி ஏறும் ஒரு செங்கல் கோபுரம். உள்ளே சாய்தளத்தை ஒட்டியே மேஜைகள், சுவரில் செங்கல் விட்டு விட்டுக் கட்டிய ஓட்டைகள். மின்விசிறியை நம்பாமல் காற்று வரும். ஓடு ஒன்றுகூட வெளியே தெரியாத அந்தக் கட்டடத்தை வட்டாரக் கட்டடக்கலை இல்லை என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

ஆகவே ஷீட்டில் முகப்புப் படமான எலிவேஷனைச் சின்னதாகவும் செக்‌ஷனைப் பெரிதாகவும் போடுங்கள். வெயில் எந்தக் கோணத்தில் வருகிறது, சாரல் எங்கே நிற்கிறது, சூடான காற்று எந்த வழியாக வெளியேறுகிறது, இந்த மூன்றையும் அதில் காட்டினால் பாதி விளக்கம் எழுத வேண்டாம்.

இனி என் சொந்தக் கதை. ஒரு வீட்டை முடித்துச் சாவி கொடுத்த மறுநாளே படம் எடுத்து அனுப்பிவிட்டேன். பிப்ரவரி மாதம், பளிச்சென்ற வெயில், ஒரு துணிக்கொடிகூட இல்லாத முற்றம். முதல் சுற்றில் தேறியது. நேர்காணலில் ஒருவர் கேட்டார், “மேற்குப் பக்கத்து இந்தப் பெரிய ஜன்னலை மழையில் திறந்து வைக்கலாமா?” என்னிடம் பதில் இல்லை. மழையில் நான் அந்த வீட்டுக்குப் போனதே இல்லை. விருது போனது சரி, ஆடி மாதம் போய்ப் பார்த்தால் வீட்டுக்காரர் அந்த ஜன்னலுக்கு மேலே நீலத் தகர ஷீட் ஒன்றை அடித்து வைத்திருந்தார். இறவாரம் ஒன்றரை அடி போதாது என்பதை அந்தத் தகரம் எனக்குச் சொல்லியது. பிறகு கட்டிய வீட்டில் மூன்றடி விட்டேன்.

கட்டடம் இரண்டு மழையாவது பார்க்கட்டும், அதற்கு அப்புறம் அனுப்புங்கள். 1977-இல் தொடங்கிய ஆகா கான் கட்டடக்கலை விருது மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் வருகிறது; குறைந்தது ஒரு வருஷமாவது புழக்கத்தில் இருந்த கட்டடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். தேர்வுப் பட்டியலில் வந்தவற்றை நேரில் பார்த்து அறிக்கை எழுத ஆள் அனுப்புகிறார்கள். அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் சங்கத்தில் 25 வருஷ விருது என்றே ஒன்று உண்டு. 25 முதல் 35 வருஷம் தாக்குப்பிடித்த கட்டடத்துக்குத்தான் அது. நம்ம ஊரில் அப்படி ஒன்று வைத்தால் எத்தனை கட்டடம் தேறும் என்று யோசித்தால் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

படத்தில் ஆட்களும் இருக்கட்டும். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற பாட்டியைப் போட்டோகிராபர் எழுப்பி அனுப்பிவிடுவார். விடாதீர்கள். திண்ணை வேலை செய்கிறது என்பதற்கு அந்தப் பாட்டியைவிட நல்ல சாட்சி கிடையாது.

எழுத்து விஷயம். ‘இயற்கையோடு இயைந்த’, ‘பாரம்பரியமும் நவீனமும் கைகோர்க்கும்’ மாதிரி வரிகள் எல்லா விண்ணப்பத்திலும் உண்டு, பத்தாவதைப் படிக்கும்போது கண் தானாகத் தாண்டிப் போகும். எண்ணை எழுதுங்கள். சதுர அடிக்கு என்ன ஆனது, வெட்டுக்கல் எத்தனை கிலோமீட்டர் தூரத்திலிருந்து வந்தது, பழைய வீட்டை இடித்த மரத்தில் எவ்வளவு திரும்பப் பயன்பட்டது. எலிப்பொறிக் கட்டு, அதாவது செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறை, செங்கல்லில் சுமார் 25 சதவீதம் மிச்சப்படுத்தும். அதைப் பயன்படுத்தியிருந்தால் உங்கள் சைட்டில் உண்மையில் எவ்வளவு மிஞ்சியது என்று கணக்கைப் போடுங்கள். கொத்தனாருக்குப் பழக்கம் இல்லாமல் கூலி கூடியிருந்தால் அதையும் எழுதுங்கள். உண்மையான கணக்கைப் பார்த்த ஜூரி மற்ற வரிகளையும் நம்புவார்.

காகித வேலையில் தோற்பவர்கள் நிறைய. ஷீட்டில் பெயரோ ஆபீஸ் முத்திரையோ கூடாது என்று விதி இருந்தும் ஓரத்தில் லோகோ வைத்து அனுப்பி நீக்கப்பட்டவர்களை நானே பார்த்தேன். 1972-ஆம் வருஷச் சட்டப்படி கட்டடக்கலை மன்றத்தில் செய்த பதிவு நடப்பில் இருக்கிறதா பாருங்கள். வீட்டுக்காரரின் சம்மதக் கடிதத்தை முன்பே வாங்குங்கள். அவர் கல்ஃபில் இருந்தால் கடைசி ராத்திரியில் கையெழுத்து வராது. எல்லையில் இருக்கும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சில விருதுகளில் கட்டடம் இருக்கும் மாநிலம் கணக்கு, சிலவற்றில் ஆர்க்கிடெக்ட் உறுப்பினராக இருக்கும் சங்கக் கிளை கணக்கு. ஆபீஸ் மார்த்தாண்டம், சைட் பாறசாலை என்றால் எதில் அனுப்புவது என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

விருது கொடுப்பவர்களும் தப்பு செய்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். பெரிய பங்களாவும் ரிசார்ட்டும் போட்டியிடும் பிரிவிலேயே ஆறு லட்ச ரூபாய் வீட்டையும் அங்கன்வாடியையும் நிறுத்தினால் படத்தின் பளபளப்புதான் ஜெயிக்கும். செலவு வரம்பு வைத்துப் பிரிவு பிரியுங்கள். ஜூரியின் பழைய மாணவரோ பங்காளியோ போட்டியில் இருந்தால் அந்த ஜூரி எழுந்து வெளியே போகட்டும். எனக்கு ரொம்ப எரிச்சல் தருவது, ஏன் கொடுத்தோம் என்று ஒரு பத்திகூட எழுதாமல் கேடயத்தை நீட்டுவது. 2018-இல் நம்ம நாட்டு ஆர்க்கிடெக்ட் பாலகிருஷ்ண தோஷிக்கு, கட்டடக்கலையின் பெரிய உலக விருதான பிரிட்ஸ்கர் விருது கொடுத்தபோது காரணத்தை விளக்கி உரை வெளியிட்டார்கள். நம்ம மாநில விருதுகளில் குழுப் போட்டோவும் சால்வையும்தான் மிஞ்சுகிறது. தோற்றவனுக்கு அந்தப் பத்திதான் பாடம்.

கடைசியாக, பெயர் போடுகிற விஷயம். இதில் உலக அளவிலேயே அடிபட்டிருக்கிறார்கள். 1991-இல் பிரிட்ஸ்கர் விருதை அமெரிக்க ஆர்க்கிடெக்ட் ராபர்ட் வெஞ்சூரிக்கு மட்டும் கொடுத்தார்கள். கூடவே உழைத்த மனைவி டெனிஸ் ஸ்காட் பிரவுன் பெயரைச் சேர்க்கவில்லை. 2013-இல் ஹார்வர்ட் மாணவிகள் மனு எழுப்பியும் மாற்ற மறுத்துவிட்டார்கள். ராஜஸ்தான் திலோனியாவில் ஊர்க்காரர்களே கட்டிய வளாகம் என்று 2001-இல் ஆகா கான் விருது பெற்றது. வடிவமைத்ததில் ஓர் ஆர்க்கிடெக்டின் பங்கு விடுபட்டது என்று தகராறு வந்து, கடைசியில் விருதையே திருப்பிக் கொடுக்கும்படி ஆனது. அங்கே ஆர்க்கிடெக்ட் பெயர் விடுபட்டது. நம்ம பக்கம் விடுபடுவது மூத்தாசாரியின், அதாவது தலைமைத் தச்சரின், பெயர். கூரையைத் தாங்கும் கழுக்கோலின் சரிவையும் இறவாரத்தின் தாழ்வையும் மனக்கணக்கில் சொல்கிறவர் அவர், படிவத்தில் இருப்பதோ ‘ஒப்பந்தக்காரர்’ என்று ஒரே ஒரு கட்டம்.

ஆகா கான் விருதில் கட்டியவர்களையும் கைவினைஞர்களையும் கட்டச் சொன்னவர்களையும் சேர்த்தே கௌரவிக்கிறார்கள். படிவத்தில் இடம் இல்லாவிட்டால் விளக்க உரையில் எழுதலாம், ஷீட்டின் கீழே ஒரு வரி போடலாம். எனக்கு விருது கிடைத்த வருஷம் அப்படித்தான் செய்தேன். மூத்தாசாரி, கல் வெட்டியவர், சுண்ணாம்பு பூசிய இரண்டு அக்காமார், நாலு பேர் பெயரும் சான்றிதழில் வந்தது. ஒரு நகல் எடுத்துக் கண்ணாடி போட்டு மூத்தாசாரி வீட்டுக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துண்டால் துடைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, “இனிஷியல் தப்பால்ல கெடக்கு சாரே” என்றார்.