திருத்தந்தை லியோவின் பூர்வீகத்தை வைத்து வம்சாவளி தேடக் கற்றுக்கொள்ளலாம்

2025 மே 8 அன்று கர்தினால் ராபர்ட் பிரான்சிஸ் பிரவோஸ்ட், பதினான்காம் லியோ என்ற பெயரில் திருத்தந்தை ஆனார். பிரவோஸ்ட் என்றதும் புதுச்சேரிக்காரர்களான நமக்கு அது பிரெஞ்சுப் பெயர் என்று உடனே பிடிபட்டுவிடும். ஆனால் அவருடைய அப்பாவைப் பெற்ற தாத்தா சிசிலித் தீவின் மிலாட்சோவில் பிறந்தவர். அம்மா வழியோ, ஆப்பிரிக்க, பிரெஞ்சு, ஸ்பானிய வேர்கள் பின்னிக் கிடக்கும், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் கிரியோல் குடும்பம். அந்நகரின் வம்சாவளி ஆய்வாளர் ஜாரி ஹொனோரா, தேர்தல் முடிந்த கையோடு பழைய பதிவுகளை எடுத்து இதைக் காட்டினார்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. குடும்பப் பெயர் ஒரு வழியைத்தான் காட்டும், சில நேரம் அதையும் தப்பாகக் காட்டும். மற்றதெல்லாம் அம்மா, பாட்டி, பூட்டி வழியில்தான் கிடைக்கும். ஒரு கைபேசியும் ஒரு நோட்டும் போதும், தொடங்கலாம்.

முதல் படி: தெரிந்தவரிலிருந்து பின்னோக்கிப் போங்கள்

நோட்டின் இடது ஓரத்தில் லியோவின் பெயரை எழுதி, கீழே 1955 செப்டம்பர் 14, சிகாகோ என்று குறியுங்கள். அடுத்து அப்பா லூயி மரியஸ் பிரவோஸ்ட், அம்மா மில்ட்ரெட் மார்ட்டினெஸ். அதற்கடுத்து நான்கு பேர், பிறகு எட்டுப் பேர். பெண்களைப் பிறந்த வீட்டுப் பெயரில்தான் எழுத வேண்டும். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள், ஊகத்தால் நிரப்பாதீர்கள்.

இரண்டாம் படி: கணக்கெடுப்புத் தாளைத் தேடுங்கள்

மில்ட்ரெட் சிகாகோவில் பிறந்தவர். அவருடைய அப்பா ஜோசப் மார்ட்டினெஸ், அம்மா லூயிஸ் பாக்கியே. இந்த இரண்டு பெயர்களை வைத்து அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேட வேண்டும். அங்கே 72 ஆண்டுகள் கழிந்ததும் வீடுவாரியான தாள்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். 1950ஆம் ஆண்டுத் தாள்கள் வரை இப்போது பார்க்கலாம். ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்குத் தொடங்கினால் காசு கட்டாமலே தேட முடியும். 1890ஆம் ஆண்டுத் தாள்களில் பெரும்பகுதி 1921இல் நடந்த தீ விபத்தால் போய்விட்டன. அதனால் 1880க்கும் 1900க்கும் நடுவே ஆள் கிடைக்கவில்லை என்றால் சோர்ந்துவிடாதீர்கள்.

1900ஆம் ஆண்டுத் தாளில் அந்தக் குடும்பம் நியூ ஆர்லியன்ஸின் ஏழாம் வார்டில் இருக்கிறது. ஜோசப்பின் வரியை இடமிருந்து வலமாகப் பொறுமையாகப் படியுங்கள். நிறம் என்ற கட்டத்தில் கறுப்பர். பிறந்த இடம் ஹைட்டி. தொழில் சுருட்டு செய்பவர். பெண்களுக்கு, பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்றுகூட இரண்டு கட்டங்கள் உண்டு. ஒரு தாயின் துக்கம் அந்த இரண்டு எண்களுக்கு நடுவே தெரியும். அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள்.

அப்புறம் 1920ஆம் ஆண்டு சிகாகோ தாளைத் திறங்கள். அதே குடும்பம், ஆனால் நிறக் கட்டத்தில் வெள்ளையர்.

ஆள் மாறவில்லை, ஊர் மாறியிருக்கிறது. லூசியானாவில் ரயில் பெட்டியைக்கூட நிறம் பார்த்துப் பிரித்த காலம் அது. அதை எதிர்த்து நீதிமன்றம் போன ஹோமர் பிளெஸியும் நியூ ஆர்லியன்ஸ் கிரியோல்தான். 1896இல் அவர் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அதன் பிறகு அங்கே ஒரு குடும்பம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவே மனம் கனக்கிறது. "பொய் சொன்னார்கள்" என்று தயவுசெய்து குறிப்பெழுதாதீர்கள். எந்த வருடம், எந்த ஊர், தாளில் என்ன இருந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

மூன்றாம் படி: பதிவுகள் முரண்பட்டால்

ஜோசப் பிறந்தது ஹைட்டியில் என்கிறது ஒரு தாள், லூசியானாவில் என்கிறது இன்னொன்று. பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை அடிக்கக் கூடாது. இரண்டையும் எழுதி, அந்தத் தகவலைக் கொடுத்தவர் யாராக இருக்கலாம் என்று யோசியுங்கள். பொதுவாக, சம்பவம் நடந்த நாளுக்கு அருகில் எழுதிய பதிவுக்குக் கூடுதல் மதிப்பு கொடுக்கலாம்.

நான்காம் படி: கோவில் பதிவேடு

ஜோசப், லூயிஸ் திருமணம் 1887இல் நியூ ஆர்லியன்ஸில் கோவிலில் நடந்தது. கத்தோலிக்கக் குடும்பம் என்றால் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடு இருக்கும். சாட்சிகள், ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்கள் உறவுக்காரர்கள்தான்.

ஐந்தாம் படி: பெயர் மாறியிருக்குமா என்று பாருங்கள்

மிலாட்சோ தாத்தாவின் பிறப்புப் பெயர் ரிஜ்ஜித்தானோ. அமெரிக்காவில் அவர் ஜான் பிரவோஸ்ட் ஆனார். பிரவோஸ்ட் என்பது அவருடைய துணைவி சுசான் ஃபோந்தேனின் அம்மாவுடைய பிறந்த வீட்டுப் பெயர். திருத்தந்தை சுமந்திருக்கும் குடும்பப் பெயரே ஒரு பூட்டி கொடுத்தது!

இது நமக்கும் புதிதில்லை. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி புதுச்சேரியில் பலர் பழைய சாதிவழிச் சட்ட அந்தஸ்தைத் துறந்து புதுக் குடும்பப் பெயர் எடுத்தார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை லாப்போர்த் ஆனது அப்படித்தான். உங்கள் வீட்டில் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் இருந்தால், 1881க்கு முந்தைய பதிவுகளைத் தமிழ்ப் பெயரில் தேடுங்கள்.

உங்கள் குடும்பத்துக்கு

பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீடு என்றால் பெட்டியில் லிவ்ரே த ஃபமி என்ற குடும்பப் பதிவுப் புத்தகம் இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். பிரான்ஸில் ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த பகுதிகளின் காப்பகம், பிரெஞ்சிந்தியாவின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்க விடுகிறது. கடலூர் ஆங்கிலேயரிடம் இருந்ததால் அந்தப் பதிவேடுகளில் வராது. அங்குள்ள கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பங்குக் கோவில்தான் வழி. வீட்டில் ராயப்பன் என்று கூப்பிட்டவர் பதிவில் பியேராகவும், சின்னப்பன் போலாகவும், அருளப்பன் ழானாகவும் இருப்பார்கள். பங்குச் சாமியாரைப் பார்க்கப் போகும்போது தோராயமான வருடம், ஊர், பெற்றோர் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முதலில் பாட்டியின் திருமணப் பதிவைக் கேளுங்கள்.