நோயெதிர்ப்பியல் ஆய்வாளராக விரும்பும் மாணவருக்கு: தடுப்பூசிக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் பொதுவான பாதை

இத்துறைக்கு வர நினைக்கும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, தடுப்பூசி ஆய்வுக்குப் போவதா, புற்றுநோய் ஆய்வுக்குப் போவதா என்பதுதான். பிறந்த குழந்தைக்குக் காசநோய்த் தடுப்புக்காகப் போடப்படும் பிசிஜி மருந்தின் வரலாற்றை ஒரு முறை படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி அவ்வளவாக எழாது. பிரான்சில் கால்மெட், குவெரின் ஆகிய இருவரும் 1908 முதல் 13 ஆண்டுகள் மாட்டுக் காசநோய்க் கிருமியை 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து அதன் வீரியத்தைக் குறைத்தார்கள்; அதுவே பிசிஜி. அந்தக் கிருமியையே சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினால் அங்குள்ள புற்று திரும்ப வருவது குறைகிறது என்று 1976இல் கனடாவில் மொராலஸ் என்ற மருத்துவர் காட்டினார். தசைக்குள் பரவாத சிறுநீர்ப்பைப் புற்றுக்கு இன்றும் அது வழக்கமான சிகிச்சையாக இருக்கிறது. ஆனால், 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு தொடங்கிய பெரும் சோதனையில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அதே பிசிஜி தடுக்கவில்லை. ஒரே கிருமி ஓரிடத்தில் நோயெதிர்ப்புச் செல்களை எழுப்பிவிடுவதும் வேறோரிடத்தில் அவற்றால் பயனில்லாமல் போவதும் ஏன் என்று கேட்பவரே நோயெதிர்ப்பியலாளர். எனவே முதலில் ஒரு நல்ல கேள்வியைப் பிடியுங்கள். நோயின் பெயரைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிரித்தொழில்நுட்பம், விலங்கியல் ஆகியவற்றில் எதில் இளநிலைப் பட்டம் பெற்றிருந்தாலும் வரலாம். கால்நடை மருத்துவமும் எம்பிபிஎஸ்ஸும் படித்தவர்களும் வந்திருக்கிறார்கள். முதுநிலைக்கு ஜாம், காட்-பி ஆகிய நுழைவுத் தேர்வுகளும், முனைவர் பட்டத்துக்கு சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட், கேட், உயிரித்தொழில்நுட்பத் துறையின் பெட், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் (டிஐஎஃப்ஆர்) நடத்தும் ஜீபில்ஸ் ஆகியவையும் இருக்கின்றன. ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் எஸ்ஆர்எஃப், அதாவது முதுநிலை ஆய்வாளர், ஆகும்போது 42,000 ரூபாய். இயற்பியலும் புள்ளியியலும் நமக்கு எதற்கு என்று பள்ளியிலேயே கைகழுவியவர்கள் ஆய்வில் சேரும் முன்பு புள்ளியியலையாவது மீண்டும் எடுத்துப் படித்துவிடுவது நல்லது.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட ஆய்வுக்கூடத்தைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். டெல்லியிலுள்ள தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனம், ஃபரிதாபாத்தில் மருத்துவ ஆய்வு செய்யும் டிஎச்எஸ்டிஐ, பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், நவி மும்பையில் டாட்டா நினைவு மையத்தைச் சேர்ந்த ஆக்ட்ரெக் புற்றுநோய் ஆய்வு மையம், திருவனந்தபுரத்தின் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையம் ஆகியவற்றை அனைவரும் அறிவர். மனிதர்களின் ரத்தத்தையும் நோயாளிகளின் திசுவையும் வைத்து ஆய்வு செய்ய விரும்புகிறவர் மருத்துவமனையை ஒட்டிய ஆய்வுக்கூடங்களைத் தேட வேண்டும். வேலூர் சிஎம்சியும், முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனமும், சென்னை சேத்துப்பட்டிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அப்படிப்பட்டவை. சேரும் முன்பு அந்தக் கூடத்தின் கடைசி ஐந்து ஆண்டுக் கட்டுரைகளைப் படித்து, முதல் ஆசிரியராக இருந்த மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். முடித்துப் போனவரிடம் பத்து நிமிடம் பேசினால், கைடு கையெழுத்துப் போட எத்தனை மாதம் எடுத்துக்கொள்வார், எதிர்பார்த்ததற்கு மாறான முடிவு வந்தால் எப்படி நடந்துகொள்வார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலையே நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

சேர்ந்த பிறகு கை பழக வேண்டிய வேலைகள் பல: ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைப் பிரிப்பது, செல் வளர்ப்பு, குளோனிங், பிசிஆர் (மரபணுத் துண்டைப் பெருக்குவது), எலைசா (புரதத்தை அளப்பது), ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக வகைபிரித்து எண்ணுவது). இவற்றைச் செய்முறைத் தாளைப் பார்த்து ஆறு மாதத்தில் கற்றுவிடலாம். ஒவ்வொரு சோதனையிலும் எந்தக் கன்ட்ரோலை, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையை, வைப்பது என்று அறிவதற்குத்தான் ஆண்டுகள் ஆகும். ஆய்வாளருக்கும் ஆய்வுக்கூட உதவியாளருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தடுப்பூசிக்காக ஒரு புரதத்தை ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்து, சுத்தம் செய்து, கிருமிகளை விழுங்கும் எலியின் மேக்ரோஃபேஜ் செல்களில் இடுகிறீர்கள். செல்கள் அழற்சிப் புரதங்களை அள்ளிக் கொட்டுகின்றன. புரதம் நோயெதிர்ப்பைத் தூண்டுகிறது என்று மகிழ்ந்து கட்டுரை எழுதத் தொடங்குகிறீர்கள். உண்மையில் செல்களைத் தூண்டியது, பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருளாக இருக்கலாம்; அது மிகச் சிறிய அளவில் இருந்தாலே டிஎல்ஆர்-4 என்ற ஏற்பி விழித்துக்கொள்ளும். வெப்பம் போன்ற நெருக்கடியில் செல்கள் உண்டாக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களே நோயெதிர்ப்புச் செல்களை நேரடியாகத் தூண்டுகின்றன என்று முன்பு வெளியான முடிவுகளில் பல, பின்னர் இந்த மாசினால் வந்தவையாக இருக்கலாம் என்று கேள்விக்குள்ளாயின. எனவே புரதத்தைக் கொதிக்கவைத்தும் ஒரு முறை சோதித்துப் பாருங்கள்: புரதம் சிதைந்துவிடும், எண்டோடாக்சின் வெப்பத்தைத் தாங்கி நிற்கும், கொதித்த பிறகும் செல்கள் அதே அளவு கூச்சலிட்டால் ஐயப்படுங்கள். எண்டோடாக்சினைப் பிடித்து முடக்கும் பாலிமிக்சின்-பி சேர்த்தும், டிஎல்ஆர்-4 இல்லாத எலியின் செல்களைக் கொண்டும் பாருங்கள். வளர்க்கும் செல்களில் தெரியாமல் புகும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவின் தொற்றுக்கும், ஒரு செல் வகையின் பெயரில் வேறொன்று இருந்துவிடும் ஆள்மாறாட்டத்துக்கும் இதே கண்டிப்பு வேண்டும்.

கன்ட்ரோல் தவறைத் தடுப்பதோடு நிற்பதில்லை, சில வேளை கண்டுபிடிப்பே அதில்தான் ஒளிந்திருக்கும். ஹங்கேரியில் பிறந்த காத்தலின் கரிகோ பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆய்வகத்தில் தயாரித்த எம்ஆர்என்ஏவை (புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் ஆர்என்ஏவை) நோயெதிர்ப்புச் செல்களில் இட்டபோது கடும் அழற்சி உண்டானது. ஒப்பீட்டுக்காக வைத்த டிஆர்என்ஏ (புரதம் கட்ட அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் ஆர்என்ஏ) அப்படி எதுவும் செய்யவில்லை. இரண்டும் ஆர்என்ஏதான், பிறகு ஏன் இந்த வேறுபாடு? டிஆர்என்ஏவில் வேதி மாற்றம் பெற்ற எழுத்துகள் நிறைய உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவரும் உடன் ஆய்வு செய்த ட்ரூ வைஸ்மனும் ஆர்என்ஏ எழுத்துகளில் ஒன்றான யூரிடினுக்குப் பதிலாக அதன் மாற்றுருவான சூடோயூரிடினை வைத்து எம்ஆர்என்ஏ செய்தபோது அழற்சி அடங்கியது. அக்கட்டுரை 2005இல் வெளிவந்தது. 2020இல் வந்த இரண்டு கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளிலும் இருந்தது அதன் நெருங்கிய உறவான மாற்றம்தான். 2023இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. 1995இல் அதே பல்கலைக்கழகத்தில் கரிகோ பதவி இறக்கப்பட்டிருந்தார் என்பதையும் உதவித்தொகை விண்ணப்பம் நிராகரிக்கப்படும் நாளில் நினைத்துக்கொள்ளலாம்.

எண்ணிக்கையில் வரும் தவறு ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே மனிதரின் ரத்தத்தை மூன்று குழிகளில் இட்டு அளந்துவிட்டு மாதிரி எண்ணிக்கை மூன்று என்று எழுதுகிறார்கள். அது ஒன்றுதான். மனிதர் மூவர் வேண்டும், எலியானால் தனித்தனி எலிகள் வேண்டும். யார் எந்தக் குழு என்று தெரியாமல் அளப்பதும், நல்ல முடிவு வந்தால் உடனே மீண்டும் செய்து பார்ப்பதும் அதைப் போலவே அவசியம். சிடிஎல்ஏ-4 என்ற புரதம் டி செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லின் பிரேக் என்று கருதிய ஜேம்ஸ் அலிசனின் குழு, அதை எதிர்ப்பான் (ஆன்டிபாடி) கொண்டு தடுத்தால் எலியின் கட்டி கரைவதை 1994 இறுதியில் கண்டதும், கிறிஸ்துமஸ் விடுமுறையிலேயே முழுச் சோதனையையும் மீண்டும் செய்து பார்த்தது. கட்டுரை 1996இல் வந்தது. அந்த வழியில் உருவான இபிலிமுமாப் மருந்து, மெலனோமா என்ற தோல் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2011இல்.

அந்த 15 ஆண்டு இத்துறையில் குறைவான காலமே. டெல்லி மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளிடம் 1980களில் கண்டெடுத்த, வயிற்றுப்போக்கு உண்டாக்காத 116-இ ரோட்டா வைரஸ், டெல்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு ரோட்டாவேக் தடுப்பூசியாக 2014இல்தான் உரிமம் பெற்றது. ஐஐடி பம்பாயும் டாட்டா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்-19 என்ற கார்-டி சிகிச்சை (நோயாளியின் டி செல்களையே மாற்றியமைத்துப் புற்றைத் தாக்கச் செய்வது) 2023 அக்டோபரில் அனுமதி பெறும் வரை அனுமதி பெற்ற அப்படிப்பட்ட சிகிச்சை இந்தியாவில் இல்லை. ஆகவே உங்கள் முனைவர் பட்டத்துக்குள் மருந்து வந்துவிட வேண்டும் என்று எண்ணித் திட்டமிடாதீர்கள்; நீண்ட சங்கிலியில் சோதித்து உறுதியான ஒரு கண்ணியைச் சேர்க்கும் அளவுக்குத் திட்டமிடுங்கள்.

அனுமதிகளை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள். எலிகளுக்கு விலங்கு நெறிமுறைக் குழு, நோயாளிகளின் மாதிரிக்கு மனித நெறிமுறைக் குழு, மரபணு மாற்றிய உயிரிகளுக்கு நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழு என மூன்றும் தனித்தனி விண்ணப்பங்களைக் கேட்கும். ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் கிடக்கக்கூடும்.

பட்டம் முடித்தபின் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக, வெளிநாடு செல்வது ஒரு வழி. அதற்கு எழுதும் கடிதத்தில் உங்கள் புகழ்ச்சியை விட்டுவிட்டு, அந்தக் கூடத்தின் ஒரு கட்டுரையில் விடை கிடைக்காத ஒரு கேள்வியையும் அதை நீங்கள் எந்தச் சோதனையால் அணுகுவீர்கள் என்பதையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். ஹைதராபாத்திலும் புனேயிலும் உள்ள தடுப்பூசி நிறுவனங்களுக்குப் போக விரும்புகிறவர், ஆய்வுக்கூட நோட்டை நாள் தவறாமல், பேனாவால், திருத்தத்தை ஒற்றைக் கோட்டால் அடித்துக் கையொப்பமிட்டு எழுதும் பழக்கத்தை இப்போதே பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கே பதிவு செய்யாத சோதனை நடக்காத சோதனையாகவே கணக்கில் கொள்ளப்படும்.