மருந்துக்கு மசியாத கிருமியா? மருந்தை மாற்றும் முன் பார்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்பத்திரியில் சேர்த்த குழந்தைக்கு மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால், வார்டில் முதலில் எழும் கேள்வி "இதைவிட ஸ்ட்ராங்கான ஆன்டிபயாடிக் போடலாமா?" என்பதுதான். பெற்றோரும் அதைத்தான் கேட்கிறார்கள், இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவரும் அதைத்தான் நினைக்கிறார். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை நாலைந்து உண்டு. கல்ச்சர் (ரத்தம், சிறுநீர் போன்றவற்றில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எப்போது எடுத்தார்கள், எவ்வளவு ரத்தம் எடுத்தார்கள், எழுதிய டோஸ் முழுதாக உள்ளே போனதா, எந்தக் குழாய் இன்னும் உடம்பில் இருக்கிறது? மருந்துக்கு அடங்காத தொற்று என்று பெயர் வாங்குவதில் ஒரு பகுதி, உண்மையில் இந்த இடங்களில் நடந்த கோளாறு.

இதைச் சொல்வதால் பிரச்சினை சின்னது என்று ஆகிவிடாது. 2019இல் மட்டும் பாக்டீரியாக்களின் மருந்து எதிர்ப்பால் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் ஐந்தில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை.

"ஸ்ட்ராங்" என்ற சொல்லே முதல் தவறு. ஒரு மருந்து பல வகைக் கிருமிகளைத் தாக்கும் என்பதால், ஒவ்வொரு கிருமியையும் நன்றாகத் தாக்கும் என்று ஆகாது. சாதாரண ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமிக்குக் குளோக்சசிலின் அல்லது செஃபசோலின் போடுவதை விட்டுவிட்டு, வான்கோமைசினை "பெரிய மருந்து" என்று தொடர்ந்தால் குழந்தை மெதுவாகத்தான் தேறும். குளோக்சசிலினுக்கு அடங்கும் ஸ்டாஃபிலோகாக்கஸிடம் வான்கோமைசின் அதைவிட மந்தமானது.

கல்ச்சரில் நடக்கும் தவறுகள்

ரத்தத்தில் கிருமி ஏறிய குழந்தையிடம்கூட ஒரு மில்லி ரத்தத்தில் ஒன்றிரண்டு கிருமிதான் இருக்கலாம். அதனால் 0.3 மில்லி எடுத்துப் பாட்டிலில் விட்டு, "ஒன்றும் வளரவில்லை" என்று வரும் ரிப்போர்ட்டை நம்புவதில் அர்த்தமில்லை. பிறந்த குழந்தைக்குக் குறைந்தது 1 மில்லி வேண்டும். வளர்ந்த குழந்தைக்கு எடைக்கேற்பக் கூடுதலாக எடுக்க வேண்டும்.

தோலைத் துடைப்பதிலும் அவசரம் கூடாது. ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினால் 30 நொடி தேய்த்து, இன்னும் 30 நொடி காய விட வேண்டும். ஈரம் காயும் நேரத்தில்தான் கிருமி சாகிறது. துடைத்த பிறகு நரம்பு எங்கே என்று விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தால் துடைத்ததெல்லாம் வீண். (குறைமாதக் குழந்தையின் தோல் இதனால் புண்ணாகும். அவர்களுக்கு அந்தப் பிரிவின் தனி முறைதான்.) பாட்டிலின் மூடியைத் திறந்ததும் தெரியும் ரப்பர், பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் கிருமி நீக்கியது கிடையாது. அதையும் 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத்தான் ஊசியைக் குத்த வேண்டும். இதைத் தவறவிட்டால் தோலில் சாதாரணமாக இருக்கும் கிருமி பாட்டிலில் வளரும், அதற்காகக் குழந்தைக்கு ஒரு வாரம் வான்கோமைசின் ஏறும்.

கல்ச்சர் எடுத்த பிறகே ஆன்டிபயாடிக் என்பது விதி. ஆனால் குழந்தை ஷாக்கில், அதாவது உடலுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலையில் இருக்கும்போது ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போய்ச் சேர வேண்டும். ரத்தம் வரவில்லை என்று அரை மணி குத்திக்கொண்டே நிற்பது ஆபத்து.

சிறுநீரில் நடப்பது வேறு வகைத் தவறு. ஒட்டுப் பையில் பிடித்த சிறுநீரில் தோலின் கிருமியும் மலத்தின் கிருமியும் கலந்துவிடும். அதில் ஒன்றும் வளரவில்லை என்றால் நம்பலாம், வளர்ந்தால் நம்ப முடியாது. குழாய் விட்டோ, குழந்தை போகும்போது நடுவில் சுத்தமாகப் பிடித்தோ அனுப்ப வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் போகாது என்றால் 4 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். மேசையில் மறந்து வைத்தால் பத்துக் கிருமி ஆயிரமாகும்.

வென்டிலேட்டர் குழாயிலிருந்து எடுத்த சளியில் அசினெட்டோபாக்டர் என்ற கிருமி வளர்ந்ததாக ரிப்போர்ட் வருகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை, ஆக்சிஜன் தேவை கூடவில்லை, எக்ஸ்ரேயில் மாற்றம் இல்லை. கிருமி குழாயில் குடியிருக்கிறது, அவ்வளவுதான். இதற்குக் கடைசிக் கட்ட மருந்தான கொலிஸ்டினைத் தொடங்குவது காகிதத்துக்கு வைத்தியம் பார்ப்பது.

சென்சிட்டிவிட்டி ரிப்போர்ட்டைப் படிக்கும்போது

வளர்ந்த கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்வது இந்த ரிப்போர்ட். ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே ஓர் எண் இருக்கும்; கிருமி வளராமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு அது. எண் குறைவாக உள்ள மருந்துதான் சிறந்தது என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. ஒரு மருந்துக்கு 0.5, இன்னொன்றுக்கு 4 என்று இருந்தால் இரண்டையும் ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு மருந்துக்கும் அதன் வரம்பு தனி. தொற்று இருக்கும் இடத்துக்கு மருந்து போய்ச் சேருமா என்பதும் அந்த எண்ணில் தெரியாது. நைட்ரோஃபியூரன்டாயின் சிறுநீர்ப்பையைத் தாண்டி உதவாது. டாப்டோமைசினை நுரையீரலில் உள்ள வழவழப்புத் திரவமே செயலிழக்கச் செய்துவிடும், ரிப்போர்ட்டில் எவ்வளவு நன்றாக வந்தாலும் நிமோனியாவுக்கு அது ஆகாது.

செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா கிருமிகள் ரத்தத்தில் இருக்கும்போது, பிப்பராசிலின்-டாசோபாக்டம் என்ற மருந்து வேலை செய்யும் என்று ரிப்போர்ட் சொன்னாலும் யோசிக்க வேண்டும். பெரியவர்களிடம் செய்து 2018இல் வெளியான ஆய்வில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் அந்த மருந்து பெற்றவர்களில் 12.3 சதவீதம், மெரோபெனம் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் பெற்றவர்களில் 3.7 சதவீதம். கொலிஸ்டினுக்கு வட்டக் காகித வில்லை வைத்துச் செய்யும் பரிசோதனையை நம்பவே கூடாது. அந்த மருந்து ஜெல்லில் சரியாகப் பரவாது. திரவத்தில் செய்யும் முறைதான் சரி.

டோஸ் குழாயிலேயே தங்கிவிடுவது

இதை யாரும் குறித்து வைப்பதில்லை, அதனால் கண்ணில் படுவதும் இல்லை. 2 கிலோ குழந்தைக்கு மெரோபெனம் கிலோவுக்கு 20 மி.கி. என்றால் 40 மி.கி. 500 மி.கி. குப்பியை 10 மில்லியில் கரைத்தால் அந்த 40 மி.கி. வெறும் 0.8 மில்லி. ஊசிக்கும் குழந்தையின் நரம்புக்கும் நடுவே இருக்கும் நீட்டிப்புக் குழாயே ஒரு மில்லி வரை பிடிக்கும். மருந்தைத் தள்ளிவிட்டு, பின்னால் சலைனைத் தள்ளாமல் விட்டால் டோஸ் முழுவதும் குழாயில்தான் நிற்கும். சார்ட்டில் மட்டும் "கொடுத்தாயிற்று". எந்த அளவுக் குழாய், எத்தனை மில்லி சலைன், அதை எந்த வேகத்தில் என்று வார்டில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். மருந்து ஏறிய அதே வேகத்தில்தான் சலைனும் போக வேண்டும். வான்கோமைசின் தங்கிய குழாயைச் சட்டென்று தள்ளினால் குழந்தை சிவந்துபோகும்.

"மூன்று வேளை" என்பதைக் காலை, மதியம், இரவு என்று எடுத்துக்கொள்வது வீட்டுப் பழக்கம். காலை 8, மதியம் 2, இரவு 10 என்று போனால் இரவில் பத்து மணி நேரம் இடைவெளி விழும். பென்சிலின் குடும்பமும் மெரோபெனமும் ரத்தத்தில் எவ்வளவு நேரம் போதுமான அளவில் நிற்கின்றன என்பதை வைத்தே வேலை செய்கின்றன. 8 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் அது 6, 2, 10 தான்.

கொலிஸ்டின் கணக்கு இன்னொரு குழி. ஒரே மருந்தின் அளவை மூன்று விதமாக எழுதுகிறார்கள். 10 லட்சம் யூனிட் என்பது சுமார் 80 மி.கி. கொலிஸ்டிமெத்தேட் (குப்பியில் இருக்கும் வடிவம்), அதுவே சுமார் 33 மி.கி. கொலிஸ்டின் பேஸ் (வேலை செய்யும் பகுதி). வெறும் "மி.கி." என்று எழுதிய சீட்டைத் தப்பாகப் புரிந்துகொண்டால் டோஸ் இரண்டரை மடங்கு ஏறிச் சிறுநீரகம் அடிபடும், அல்லது பாதிக்கும் கீழே போய்க் கிருமி தப்பிக்கும். யூனிட்டிலேயே எழுதுவது நல்லது. வலிப்புக்கு வால்ப்ரோயேட் வாங்கும் குழந்தைக்கு மெரோபெனம் தொடங்கினால் ஓரிரு நாளில் வால்ப்ரோயேட் அளவு சரிந்து வலிப்பு திரும்பும். பழைய மருந்துப் பட்டியலைப் பெற்றோர் தாங்களாகவே சொல்லிவிட வேண்டும்.

சீழும் குழாயும் உள்ளே இருக்க, மருந்தை மட்டும் மாற்றுவது

சீழ்க் கட்டிக்குள் மருந்து போதுமான அளவு போகாது. கழுத்து நரம்புக் குழாயின் உள்சுவரில் படலமாக ஒட்டிய கிருமியையும் மருந்து எட்டாது. வடிக்க வேண்டியதை வடிக்காமல், எடுக்க வேண்டிய குழாயை எடுக்காமல் நான்காவது ஆன்டிபயாடிக்குக்குப் போவதால் எதிர்ப்புக் கிருமிதான் வளரும். "இந்தக் குழாய் இன்றும் வேண்டுமா?" என்று தினமும் காலை ரவுண்டில் ஒருவர் கேட்க வேண்டும். பெற்றோர் கேட்டாலும் தவறில்லை. ஒவ்வொரு முறை மருந்து ஏற்றும் முன்பும் குழாயின் வாயை ஆல்கஹால் பஞ்சால் 15 நொடி தேய்த்துக் காய விட வேண்டும்.

எத்தனை நாள் என்பதில் இரு பக்கமும் தவறு நடக்கிறது. வீட்டில் தாங்களாக நிறுத்துவது ஒன்று. கல்ச்சரில் எதுவும் வளராத, நன்றாக இருக்கும் பச்சிளங்குழந்தைக்கு "எதற்கும் இருக்கட்டும்" என்று ஏழு நாள் இழுப்பது மற்றது. அப்படிப்பட்ட குழந்தைக்கு 36 முதல் 48 மணி நேரத்தில் நிறுத்தலாம். தேவையில்லாத ஒவ்வொரு நாளும் குடலில் எதிர்ப்புக் கிருமிக்கு இடம் காலியாகிறது.

கை, கையுறை, கழுவுதொட்டி

கையுறை போட்டிருக்கும் கை சுத்தமான கை என்று நினைத்து, அதே கையுறையோடு பம்ப் பொத்தானையும் கட்டில் கம்பியையும் தொடுகிறார்கள். அசினெட்டோபாக்டர் காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். கையுறையைக் கழற்றியதும் கையைத் தேய்க்க வேண்டும். ஆல்கஹால் என்றால் 20 முதல் 30 நொடி, சோப்பும் தண்ணீரும் என்றால் துடைப்பது வரை 40 முதல் 60 நொடி. குளோஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் என்ற கிருமியால் வரும் வயிற்றுப்போக்கில் ஆல்கஹால் உதவாது, அதன் வித்துகள் சாகாது.

மீந்த பாலையும் மிச்சமிருந்த குளுக்கோஸையும் வார்டின் கை கழுவும் தொட்டியில் ஊற்றுவது எங்கும் நடக்கிறது. வடிகாலில் இருக்கும் சூடோமோனாஸுக்கும் கிளெப்சியெல்லாவுக்கும் அது தீனி. அடுத்து யாராவது குழாயைத் திறந்தால் சிதறும் துளியில் அவை மேலே வரும். அதனால் தொட்டிக்குப் பக்கத்தில் மருந்து கரைப்பதோ, பால் புட்டியைக் காய வைப்பதோ கூடாது. செல்போனையும் துவைக்க முடியாத பஞ்சுப் பொம்மையையும் கட்டிலில் வைக்காதீர்கள்.

குடலில் எதிர்ப்புக் கிருமி இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்து, குழந்தை நலமாக இருந்தால், அதற்கு மருந்து கிடையாது. மாதக்கணக்கில் அது தங்கும். வீட்டில் தனிமைப்படுத்தத் தேவையில்லை, பள்ளிக்குப் போகலாம், டயப்பர் மாற்றியதும் கை கழுவினால் போதும். ஆனால் அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜ் தாளில் கிருமியின் பெயர், எந்த மாதிரியில் வந்தது, தேதி, எதற்கு அடங்கியது, எதற்கு அடங்கவில்லை, என்ன மருந்து எத்தனை நாள் போட்டார்கள் என்று எழுதி வாங்குங்கள். "தொற்றுக்கு ஆன்டிபயாடிக் தரப்பட்டது" என்று மட்டும் இருந்தால், அடுத்த மருத்துவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.