காசைத் திருப்பிக் கொடுக்கிற காயின் பாக்ஸ்

போன மாதம் மேலூர்ப் பக்கத்து மாணவியர் விடுதி ஒன்றிலிருந்து இரண்டு காயின் பாக்ஸ், அதாவது காசு போட்டுப் பேசும் போன் பெட்டி, ரிப்பேருக்கு வந்தன. அங்கே பிள்ளைகள் செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் இந்த இரண்டு பெட்டிக்கு முன்னால்தான் வரிசை கட்டி நிற்குமாம். கொண்டுவந்த வார்டன் அம்மா சொன்ன குறை ஒன்றே ஒன்று. "அண்ணே, பாதி நேரம் காசைத் தின்னுட்டு சும்மா இருக்கு."

திறந்து பார்த்தேன். போர்டில் ஒரு பழுதும் இல்லை. குறை முழுக்கத் தகட்டிலும் ஸ்பிரிங்கிலும் இருந்தது. இப்போது ரிப்பேருக்கு எடுக்கிறவர்கள் போர்டை மாற்றிப் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். காசு உருளும் பாதையில் யாரும் கை வைப்பதில்லை. அதனால் நான் செய்கிற முறையை எழுதுகிறேன். திருப்புளி, மட்ட அரம், மில்லிக் கணக்கில் அளக்க வெர்னியர், வோல்ட் பார்க்க மல்டிமீட்டர், ஒரு சைக்கிள் ஸ்போக், கொஞ்சம் பித்தளைத் தகடு இருந்தால் எவரும் செய்யலாம்.

முதலில் ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும். போன் பேச முடியாவிட்டால் காசு திரும்ப வர வேண்டும். கள்ளக்காசைத் தடுப்பது, நூல் கட்டி இழுப்பவனைத் தடுப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2003-ல் ஒரு ஆஸ்பத்திரி வாசல் பெட்டிக்கடையில் நான் பார்த்துக்கொண்ட பெட்டி ஒன்று இருந்தது. காசு திரும்பும் வாய்க்குள் பையன்கள் பேப்பரை அடைத்துவிடுகிறார்கள் என்று கடைக்காரர் ரொம்ப வற்புறுத்தினார், நானும் அந்த வாயைத் தகடு வைத்து மூடி ரிவிட் அடித்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது உசிலம்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மா பெட்டியைக் கையால் தட்டிக்கொண்டு நின்றது. "ஒத்த ரூவாதான்யா வச்சிருந்தேன், எடுத்துக்கிருச்சு. மகனுக்குச் சேதி சொல்லணும்." லைன் பிஸி. அது தெரியாமல் என் தகடு காசை உள்ளே தள்ளிவிட்டது. அன்றைக்கே திருப்புளி வாங்கி அந்த ரிவிட்டைப் பெயர்த்தேன். அதற்குப் பிறகு எந்தப் பெட்டியிலும் திரும்பும் வாயை நான் மூடியதில்லை.

வேலைக்கு வருவோம். லைனைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். லேண்ட்லைன் சும்மா இருக்கும்போது 48 வோல்ட் டிசி, கையில் பெரிதாகத் தெரியாது. மணி அடிக்கும்போது சுமார் 75 வோல்ட் ஏசி வரும், ஈரக்கையாக இருந்தால் சுருக்கென்று இழுத்துவிடும். சிம் போட்ட பெட்டி என்றால் அடாப்டரைப் பிடுங்கினால் போதும்.

காசு உருளும் பாதையை நாங்கள் டிராக் என்போம். முக்கால்வாசிக் கோளாறு அங்கே அழுக்குதான். டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் நான் கடை வைத்திருந்த காலத்தில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியிருந்த பெட்டிகளைத் திறந்தால் டிராக் செக்கச்செவேல் என்று இருக்கும். அர்ச்சனைத் தட்டில் கிடந்த சில்லறை, நெற்றிக்கு வைத்த விரல், பூக்காரம்மாவின் ஈரக்கை எல்லாம் சேர்ந்து குங்குமமும் விபூதியும் எண்ணெயும் குழம்பாகி அடியில் படியும். நகத்தால் சுரண்டினால் சந்தனம் மாதிரி சுருண்டு வரும். விடுதிப் பெட்டியில் இருந்தது தேங்காய் எண்ணெயும் பவுடரும். பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, நைஸ் எமரி பேப்பரால் காசு உருளும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் விழும் கீறலில் காசு தயங்கும்.

துடைத்த பிறகு எண்ணெய் விடவே கூடாது. மெஷின் ஆயில் விட்ட டிராக் ஒரு வாரம் நன்றாக ஓடும், பிறகு மதுரைப் புழுதி முழுவதையும் பிடித்துவைத்துக்கொள்ளும். 4பி பென்சிலின் முனையால் டிராக்கில் நாலைந்து முறை அழுத்திக் கோடு போட்டு விரலால் தேய்த்துவிட்டால் போதும். பென்சில் கரியில் கரண்ட் பாயும். போர்டு மேலேயோ சுவிட்ச் காண்டாக்ட் மேலேயோ அந்தத் தூள் விழாமல் பேப்பர் போட்டு மறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அளவு. இங்கே நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் ஒரு ரூபாய் என்பது ஒரே காசு இல்லை. 1992-லிருந்து வந்த எஃகு ரூபாய் 25 மில்லி விட்டம், 4.85 கிராம். 2011-ல் வந்தது 22 மில்லி, 3.79 கிராம். 2019 வரிசையில் 20 மில்லி ஆகிவிட்டது. இதில் கொடுமை, 2011-ன் இரண்டு ரூபாயும் பழைய ஒரு ரூபாயும் விட்டத்திலும் எடையிலும் அச்சு அசல் ஒன்று. பழைய 25 மில்லிப் பெட்டியில் பிள்ளைகள் அவசரத்தில் இரண்டு ரூபாயைப் போட்டால் பெட்டி அதை ஒரு ரூபாய் என்றுதான் எடுத்துக்கொள்ளும். மீதி வராது. அதனால் பழைய பெரிய ரூபாயை வாசலிலேயே நிறுத்திவிடுவது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

காசு நுழையும் வாயின் நீளத்தை 22.5 மில்லியாக்குங்கள். பழைய வாய் பெரிதாக இருக்கும். உள்பக்கத்தில் புதிய தகடு வைத்து இரண்டு ஸ்குரூ போட்டு, அந்தத் தகட்டில் புது வாயை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டு வாருங்கள். ஒவ்வொரு நாலு இழுப்புக்கும் ஒருமுறை வெர்னியர் வையுங்கள். 22 மில்லி ரூபாய் தடையில்லாமல் நுழைய வேண்டும், 2019-ன் இரண்டு ரூபாய் நுழையக் கூடாது. அது 23 மில்லி. உங்களுக்குக் கிடைக்கிற இடைவெளி அரை மில்லிதான், ஆகவே கடைசி இழுப்புகளில் அவசரப்படாதீர்கள். ஓரத்தில் பிசிறு இருந்தால் தேய்த்து எடுத்துவிடுங்கள், விரலைக் கிழிக்கும்.

சின்னக் காசைக் கழிக்க டிராக்கின் பின்சுவரில் ஒரு ஜன்னல் இருக்கும். காசு அந்தச் சுவரில் சாய்ந்தபடி உருளும். சரியான காசின் மேல்விளிம்பு ஜன்னலுக்கு மேலே சுவரில் பிடித்துக்கொள்ளும், சின்னக் காசு பிடிப்பில்லாமல் ஜன்னல் வழியே விழுந்து திரும்பிவிடும். ஜன்னலின் மேல்விளிம்பு டிராக்கிலிருந்து 19.5 மில்லி உயரத்தில் இருந்தால் 20-ம் 22-ம் தப்பும், 2011-ன் 19 மில்லி ஐம்பது பைசா விழும். பழைய எஃகு ஐம்பது பைசா மட்டும் 22 மில்லி, 3.79 கிராம். அதைப் போட்டாலும் பெட்டி பேசவிடும். மதுரையில் இன்று அந்தக் காசு கையில் கிடைப்பதே அபூர்வம். அதற்குப் பயந்து நல்ல காசுக்கு இடைஞ்சல் செய்ய வேண்டாம்.

சென்னை ரிச்சி தெருவில் பழைய வெளிநாட்டு காயின் செலக்டர் வாங்கி மாட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். நானும் ஒருமுறை வாங்கினேன். அதற்குள்ளே காந்தம் இருந்தது. இரும்பு வில்லையைப் போட்டு ஏமாற்றுபவனைப் பிடிக்கத்தான் அந்தக் காந்தம். அங்கே நல்ல காசு செம்பும் நிக்கலும் கலந்தது, காந்தத்தில் ஒட்டாது. நம் ரூபாயோ காந்தம் பிடிக்கிற எஃகு. போட்ட காசெல்லாம் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. மாட்டினால் காந்தத்தைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள்.

டிராக்கின் சாய்வு பத்து சென்டிக்கு இரண்டு சென்டி இறக்கம் என்பது என் கணக்கு. அதற்குக் குறைந்தால் மழைக்காலத்தில் காசு நடுவில் நின்றுவிடும், அதிகமானால் சின்னக் காசுகூட ஜன்னலில் விழாமல் பாய்ந்து போய்விடும்.

இப்போது முக்கியமான இடம். பல பெட்டிகளில் காசு நேராக உண்டியலுக்குள் விழுந்துவிடுகிறது, எதிர்முனை எடுத்தார்களா இல்லையா என்று பார்ப்பதற்கு முன்பே. விடுதிப் பெட்டியிலும் அதே கதை. காசு கொஞ்ச நேரம் நடுவில் காத்திருக்க வேண்டும். இது புதுசும் இல்லை. இங்கிலாந்தில் 1925-லேயே பட்டன் ஏ, பட்டன் பி என்று இரண்டு வைத்த பெட்டி வந்துவிட்டது. எதிர்முனை எடுத்தால் ஏ-யை அழுத்திப் பேசலாம், எடுக்காவிட்டால் பி-யை அழுத்திக் காசை வாங்கிக்கொள்ளலாம். நான் செய்வதும் அதேதான், பட்டன் இல்லாமல்.

டிராக் முடிகிற குழாயில் குறுக்கே ஒரு ஆணி. சைக்கிள் ஸ்போக்கில் மூன்று சென்டி வெட்டினால் அருமையான ஆணி. காசு அதன்மேல் வந்து உட்காரும். ஆணிக்குக் கீழே இரண்டு பக்கமும் ஆடுகிற ஒரு மடல். ஸ்பிரிங் அந்த மடலை எப்போதும் உண்டியல் வழியை மறைத்தபடி, திரும்பும் பக்கமே சாய்த்து வைத்திருக்க வேண்டும். சோலனாய்டு இழுத்தால்தான் அது உண்டியல் பக்கம் திறக்க வேண்டும். சோலனாய்டு என்றால் கரண்ட் வந்ததும் ஒரு இரும்புத் தண்டை, அதாவது பிளஞ்சரை, உள்ளே இழுக்கிற கம்பிச்சுருள். பல பெட்டிகளில் இது தலைகீழாக இருக்கிறது, கரண்ட் போனால் காசும் போய்விடுகிறது. ஸ்பிரிங்கைக் கழற்றி எதிர்ப்பக்கக் கொக்கியில் மாட்டினால் பாதிப் பாவம் தீர்ந்தது.

ரிசீவரைத் தொங்கவிடும் ஹூக்கிலிருந்து இன்னொரு ஸ்போக் கம்பியை ஆணிக்கு இழுங்கள். ரிசீவரை வைக்கும்போது ஹூக் கீழே இறங்கும், அதன் கடைசி நாலு மில்லி ஓட்டத்தில் ஆணி பின்னால் போக வேண்டும். லைன் பிஸி, யாரும் எடுக்கவில்லை, டயல் டோனே இல்லை, எதுவானாலும் ரிசீவரை வைத்ததும் ஆணி விலகும், மடல் திரும்பும் பக்கம் இருக்கும், காசு கைக்கு வந்துவிடும். இதற்குக் கரண்டே தேவையில்லை. ரிசீவரை எடுக்காமலே யாராவது காசைப் போட்டாலும் ஆணி விலகியே இருப்பதால் அப்படியே திரும்பிவிடும்.

எதிர்முனை எடுத்தால் சோலனாய்டு இரண்டு வேலை செய்ய வேண்டும்: மடலைத் திருப்பி, ஆணியை இழுக்க வேண்டும். வரிசை மாறக் கூடாது. ஆணி முந்திக்கொண்டால் காசு திரும்பி வந்துவிடும், உரிமையாளர் சண்டைக்கு வருவார். மடலுக்குப் போகும் கம்பியை இறுக்கமாகவும், ஆணிக்குப் போகும் கம்பியில் மூன்று மில்லி தொய்வு விட்டும் கட்டுங்கள். அந்தத் தொய்வு தீர்வதற்குள் மடல் திரும்பியிருக்கும். கையால் பிளஞ்சரை மெதுவாக உள்ளே தள்ளிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்: மடல், பிறகு ஆணி, பிறகு "டக்".

எடுத்துவிட்டார்கள் என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? லேண்ட்லைனில் எக்ஸ்சேஞ்ச் அந்த நேரத்தில் லைனின் பிளஸ் மைனஸை மாற்றிப்போடும். எல்லா இணைப்பிலும் வராது, காயின் பாக்ஸுக்கு என்று கேட்டு வாங்க வேண்டும். மல்டிமீட்டரை லைனில் வைத்து ஒரு போன் போடுங்கள், எதிரே எடுத்த கணத்தில் எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி வரும் அல்லது போகும். வராவிட்டால் பெட்டியில் எதை மாற்றியும் பயனில்லை.

சோலனாய்டில் இரண்டு திருத்தம். பலகாலம் ஓடிய பிளஞ்சரில் கொஞ்சம் காந்தம் தங்கிவிடும், கரண்ட் நின்ற பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது மடல் உண்டியல் பக்கமே நிற்கும், அடுத்தவர் காசும் உள்ளே போகும். விடுதிப் பெட்டி காசைத் தின்றதற்கு இதுவும் ஒரு காரணம். பிளஞ்சர் போய் முட்டுகிற இடத்தில் கால் மில்லிப் பித்தளைத் தகடு ஒன்றை ஒட்டுங்கள், இரும்போடு இரும்பு தொடாது, உடனே விடும். மடலும் இரும்பாக இருந்தால் பித்தளையில் வெட்டி மாற்றுங்கள். நம் எஃகுக் காசு அதில் ஒட்டித் தொங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

நூல் கட்டி இழுப்பவனுக்கு டிராக் முடிவில், ஒரு பக்கம் மட்டும் திறக்கும் சின்ன நாக்கு போதும். காசு தள்ளிக்கொண்டு போகும், திரும்ப இழுத்தால் நாக்கு முட்டும். பேப்பர் அடைப்பவனுக்காகத் திரும்பும் வாயை மூடாதீர்கள். வழியை ஒரு வளைவு கொடுத்து, வாயில் உள்பக்கம் மட்டும் மடங்கும் கதவு போட்டால் விரல் மேலே போகாது. அந்தக் கிண்ணத்தின் அடியில் ஒரு மெல்லிய தகர வில்லை ஒட்டுவது என் வழக்கம். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் 1889-ல் காசு போடும் போனைக் கொண்டுவந்த வில்லியம் கிரே, காசு விழும்போது மணி அடிக்கிற மாதிரி செய்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஆபரேட்டர் காசு வந்ததை அறிந்தார். நான் திரும்பி வரும் காசுக்குச் சத்தம் வைக்கிறேன். இருட்டு வராந்தாவில் நிற்கிற பிள்ளைக்குக் காசு வந்துவிட்டது என்று காதில் விழ வேண்டும்.

உண்டியலில் காசு ஒரே இடத்தில் கோபுரமாகக் குவிந்து குழாயை அடைத்துவிடும். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின ராத்திரி கோரிப்பாளையம், தல்லாகுளம் பெட்டிகள் பாதி நிரம்பும் முன்பே நின்றுபோவதற்கு இதுதான் காரணமாக இருந்தது. குழாய் வாய்க்குக் கீழே ஒரு சாய்வுத் தகடு வைத்தால் காசு சிதறி விழும், கொள்ளளவு முழுவதும் பயன்படும். 22 மில்லிக் காசு ஆயிரம் சேர்ந்தால் 3.79 கிலோ. சுவரில் நாலு மூலையிலும் போல்ட் போடுங்கள்.

சோதனைக்குக் கழுவிய காசு எடுக்காதீர்கள். டீக்கடைக் கல்லாவிலிருந்து நாற்பது காசு மாற்றி வாங்கி வாருங்கள். இருபதைப் பிஸியான நம்பருக்குப் போடுங்கள், இருபதும் திரும்ப வர வேண்டும். அடுத்த இருபதுக்கு எதிர்முனையில் ஒருவரை எடுக்கச் சொல்லுங்கள், இருபதும் உண்டியலில் இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் திறந்து தொய்வை மறுபடி அளவெடுங்கள்.

மாட்டும்போது ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டிப் பெட்டியின் முன்னாலும் பக்கவாட்டிலும் தொங்கவிட்டுப் பாருங்கள். விடுதிச் சுவர் பூச்சு மேடு பள்ளமாக இருந்தது, பெட்டி முன்னால் சாய்ந்தால் காசு பின்சுவரில் சாயாது, ஜன்னல் சும்மா ஆகிவிடும். அடியில் இரண்டு வாஷர் கொடுத்த பிறகுதான் நூல் நேராக நின்றது.