நெட் எழுதுறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள், முக்கியமா தோத்ததுக்கு அப்புறம் பண்ற தவறு

போன வாரம் ஒரு ஜூனியர் பொண்ணு போன் பண்ணா, "அக்கா, இந்த தடவையும் போச்சுக்கா"ன்னு. கெமிஸ்ட்ரில சிஎஸ்ஐஆர் நெட், அதாவது சயின்ஸ் படிச்சவங்க பிஎச்டி உதவித்தொகைக்கும் காலேஜ் வாத்தியார் வேலைக்கும் எழுதற தேசிய தேர்வு, 3வது அட்டெம்ப்ட். ரெஸ்பான்ஸ் ஷீட், அதான் நாம கிளிக் பண்ண ஆன்சர் எல்லாம் இருக்கற ஷீட், டவுன்லோட் பண்ணியான்னு கேட்டேன். "அத பாக்கவே மனசு வரலக்கா"ன்னா. எனக்கு வயித்துல யாரோ குத்தின மாதிரி இருந்துச்சு, ஏன்னா நானும் 2 அட்டெம்ப்ட் அப்படியேதான் தொலச்சேன். நேரத்துக்கு தூங்குங்க, சிலபஸ முடிங்கன்னு நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்ல. யாரும் சொல்லாதத மட்டும் எழுதறேன்.

தோத்த பேப்பர திறக்காம இருக்கறது

எக்ஸாம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல தேர்வு நடத்தற என்டிஏ சைட்ல கொஸ்டின் பேப்பர், நீங்க கிளிக் பண்ண ஆன்சர், சரியான விடைகள் இருக்கற கீ எல்லாம் விடுவாங்க. சில நாள்தான் இருக்கும், அப்புறம் லிங்க் போயிடும். நான் மொதல் தடவ மார்க் பாத்துட்டு லேப்டாப்ப மூடினவதான். அழுது முடிச்சதும் என்ன பண்ணேன்னா, ஆர்கானிக் கெமிஸ்ட்ரில வீக்கா இருக்கேன்னு நானே முடிவு பண்ணி, பெரிசைக்ளிக்ல இருந்து ரெட்ரோசிந்தசிஸ் வரைக்கும் மொதல் பக்கத்துல இருந்து திரும்ப ஆரம்பிச்சேன். 6 மாசம். ரெண்டாவது தடவையும் அதே கத, அதே ஆர்கானிக், புது கலர் ஹைலைட்டர்.

மூணாவது தடவ என் ரூம்மேட் பக்கத்துல உக்காந்து கட்டாயப்படுத்தி திறக்க வச்சா. கொஸ்டின் ஐடி, ஆப்ஷன் ஐடின்னு நீளநீளமா நம்பர் இருக்கும், ஒவ்வொண்ணா கீயோட சேத்துப் பாக்கணும், எங்களுக்கு ஒரு முழு ராத்திரி ஆச்சு. பேப்பரோட கடைசி பகுதியான பார்ட் சி-ல 60 கேள்வி, அதுல 25 தான் எழுதலாம், ஒண்ணுக்கு 4 மார்க், தப்புக்கு 1 போயிடும். நான் 25-உம் எழுதியிருந்தேன். 9 சரி, 16 தப்பு. 36-ல 16 போக 20 மார்க். நூத்துக்கு 20!

ஆனா என்ன உலுக்கினது அந்த 20 இல்ல. அந்த 16 தப்புல ஆர்கானிக் வெறும் 2. மிச்சம் பெரும்பாலும் பிசிக்கல் கெமிஸ்ட்ரி கணக்கு, அதுலயும் பாதி எனக்கு தெரிஞ்சதுதான், ஜூல்ல போட வேண்டியத கிலோஜூல்ல போட்டு, சைன மாத்தி போட்டு விட்டது. அத விட கொடும, கேள்விகள வரிசையா எழுதிட்டே போய் நாப்பதாவது கேள்விக்குள்ள என் 25 தீந்துடுச்சு, கடைசி 20 கேள்விய நான் படிக்கவே இல்ல. அதுல பாயின்ட் குரூப், 18 எலக்ட்ரான் ரூல்னு 6 கேள்வி நான் பேனா எடுக்காமலே போடக்கூடியது. ஒன்றரை வருஷமா என் வீக்னெஸ்னு நெனச்சது வீக்னெஸே இல்ல. இத எழுதும்போது கூட கோவம் வருது, ஏன்னா மொதல் தடவையே திறந்திருந்தா ஒரு ராத்திரில தெரிஞ்சிருக்கும்.

அதனால அழணும்னா அழுங்க, ஆனா லிங்க் இருக்கும்போதே பிடிஎஃப் எல்லாத்தயும் எடுத்து வச்சிடுங்க, பத்து நாள் கழிச்சு பாத்தாலும் பரவால்ல. தப்பான கேள்விகள மூணா பிரிங்க: தெரியாதது, தெரிஞ்சும் கணக்குல விட்டது, அவசரத்துல குத்தினது. மொதல் வகைக்கு மட்டும்தான் புத்தகம். ரெண்டாவதுக்கு கையால போட்டுப் பாத்த கணக்கு, மூணாவதுக்கு கடிகாரம் வச்சு எழுதின பழைய பேப்பர். எக்ஸாம்ல மொதல்ல 60 கேள்வியயும் கண்ணால ஓட்டிட்டு அப்புறம் உங்க 25-அ பொறுக்குங்க.

பார்ட் ஏ-வ விடறது

எல்லா சப்ஜெக்டுக்கும் பொதுவான ஆப்டிட்யூட் பகுதி, 30 மார்க். தினம் அரை மணி நேரம் போதும்.

ஒவ்வொரு தடவயும் கோச்சிங்க மாத்துறது

வேண்டாம்.

பெரியவங்க தோல்விய ஆறுதலா மட்டும் எடுத்துக்கறது

சிதம்பரத்துல பொறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கே ஐஐடி கிடைக்கலன்னு சொல்லித் தேத்துவாங்க. உண்மதான், 2009-ல கெமிஸ்ட்ரி நோபல் வாங்கினவர். ஆனா அவர் பிசிக்ஸ்ல பிஎச்டி முடிச்சப்புறம் பயாலஜி தெரியணும்னு திரும்ப மாணவனா கிளாஸ்ல போய் உக்காந்தாரு பாருங்க, அந்த பாதிய யாரும் சொல்றதில்ல. எது தெரியலன்னு பாத்து அத மாத்திக்கிட்டாரு.

ஜேஆர்எஃப் வந்தா பிஎச்டி சீட் வந்துடும்னு நினைக்கறது

ஜேஆர்எஃப்ங்கறது நெட் மூலமா கிடைக்கற ஆராய்ச்சி உதவித்தொகை. மொதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000 வரும், வீட்டுக்கு அது பெரிய விஷயம். ஆனா பிஎச்டிக்கு வழிகாட்டற கைட நீங்கதான் தேடணும், இன்டர்வியூ தனி. எங்கிட்ட எம்எஸ்சி ப்ராஜெக்ட்ல ஏன் அந்த சால்வென்ட்னு கேட்டாங்க. சீனியர் அதத்தான் போட்டாங்கன்னு சொன்னேன். அந்த சீட் கிடைக்கல. அடுத்த இன்டர்வியூக்கு முன்னாடி ப்ராஜெக்ட்ல ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஏன்னு எழுதிப் பாத்தேன், நாலு இடத்துல எனக்கே பதில் தெரியல, திரும்பப் போய் படிச்சேன்.

அந்தப் பொண்ணு நேத்து ராத்திரி 11 மணிக்கு ஷீட்ட அனுப்பினா, லிங்க் மூடறதுக்கு ஒரு நாள் முன்னாடி. பாதி வரைக்கும் சேத்துப் பாத்தாச்சு, இதுவரைக்கும் 8 தப்பு, அதுல 5 ஸ்டாட் தெர்மோ, அதாவது பிசிக்கல்ல வர்ற ஸ்டாட்டிஸ்டிக்கல் தெர்மோடைனமிக்ஸ். மிச்சத்த இன்னிக்கு சாயங்காலம் ரெண்டு பேரும் போன்ல உக்காந்து பாக்கறோம்.