ஐ.எஃப். ஸ்டோன் செய்யாத தவறுகள்: இணையத்தில் எழுதுவோர் கவனத்துக்கு

வாஷிங்டனில் 1953 முதல் 1971 வரை அமெரிக்கப் பத்திரிகையாளர் ஐ.எஃப். ஸ்டோன் ஒரு செய்தி இதழை ஏறக்குறைய தனியாளாக நடத்தினார். நான்கே பக்கம், விளம்பரம் கிடையாது, ஆண்டுச் சந்தா 5 டாலர். அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்தால் இன்று இணையத்தில் எழுதுபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பது புரியும்.

பெரிய தவறு, செய்திக்குறிப்பை அப்படியே எடுத்துப் போடுவது. 1957 செப்டம்பரில் நெவாடாவில் நிலத்தடி அணுகுண்டுச் சோதனை நடந்தது. அதன் அதிர்வு டொரன்டோ, ரோம், டோக்கியோவில் பதிவானதாக நாளிதழில் துணுக்குச் செய்திகள் வந்தன. ஸ்டோன் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில், அதிர்வு 200 மைலுக்கு மேல் எட்டவில்லை என்று அமெரிக்க அணுசக்தி ஆணையம் அறிவித்தது. அது உண்மையானால், வேறொரு நாடு ரகசியமாகச் சோதனை நடத்தினால் தொலைவிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை; அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தம் போட்டாலும் அதைக் கண்காணிக்கவே முடியாது. அந்த ஓர் எண்ணில்தான் எல்லாமே இருந்தது. துணுக்குகளை வைத்து 'ஆணையம் பொய் சொல்கிறது' என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அரசின் நிலநடுக்க ஆய்வாளர்களிடமே போய்க் கேட்டார். வெளிநாட்டுத் தகவல்களை அவர்கள் நம்பவில்லை. ஆனால் அதிர்வைப் பதிவுசெய்த தங்கள் நிலையங்களின் பட்டியலைக் கொடுத்தார்கள். 2,000 மைலுக்கும் அப்பால், அலாஸ்காவிலேயே பதிவாகியிருந்தது. ஆணையம் தன் அறிக்கையைத் திருத்த வேண்டியதாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது, சந்தேகத்தை அவர் கேள்வியாக மட்டுமே வைத்திருந்தார். முரண்படும் இரண்டு தகவல் கிடைத்தால் உடனே பதிவு போடாதீர்கள். அதை அளந்து பதிவுசெய்த அலுவலகம் எது என்று தேடுங்கள். தமிழ்நாட்டு விவகாரம் என்றால் அரசாணை, தணிக்கை அறிக்கை, சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பு ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். அங்கே கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. பதிலுக்கு 30 நாள் கெடு. 'முழு விவரம் தருக' என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். அரசாணை எண், தேதி, எந்த ஆண்டுக் கணக்கு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

அடுத்தது, நம் தரப்பு ஆட்களின் புள்ளிவிவரத்தையே நம்பியிருப்பது. அமெரிக்காவில் கறுப்பினத்தவரை அடித்துக் கொன்ற கும்பல்களைப் பற்றி, கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் 1895இல் எழுதியபோது, வெள்ளையர் நடத்திய சிகாகோ நாளிதழ் வெளியிட்ட எண்ணிக்கையைத்தான் எடுத்தாண்டார். மிகைப்படுத்துகிறார் என்று யாரும் தட்டிக்கழிக்க வழியில்லாமல் போயிற்று. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மெம்ஃபிஸில் அவருடைய பத்திரிகை அலுவலகத்தையே அடித்து நொறுக்கியிருந்தார்கள். அப்படிப்பட்ட நிலையிலும் எண்களில் அவர் காட்டிய நிதானம் வியக்க வைக்கிறது.

ஆதாரத்துக்கு இணைப்பு மட்டும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பதும் தவறுதான். அரசுத் தளங்களில் கோப்புகள் சொல்லாமல் இடம் மாறும். பிடிஎஃப்பை இறக்கி, தேதியோடு பெயரிட்டுச் சேமியுங்கள். கட்டுரையில் பக்க எண்ணையும் எழுதுங்கள். ஸ்டோனிடம் அந்தத் துணுக்குகள் பத்திரமாக இல்லாதிருந்தால் ஆறு மாதம் கழித்து எதை வைத்துக் கேட்டிருப்பார்?

பணத்துக்கு ஒரே தளத்தை நம்புவதும் ஆபத்து. ஸ்டோன் சுமார் 5,300 சந்தாதாரர்களோடு தொடங்கினார். நிறுத்தும்போது ஏறக்குறைய 70,000 பேர். அவர்களின் முகவரிப் பட்டியல் அவர் கையில் இருந்தது. யூடியூபோ ஃபேஸ்புக்கோ அந்தப் பட்டியலை உங்களுக்குத் தராது. வாசகர்களின் மின்னஞ்சலை, அவர்கள் சம்மதத்தோடு, முதல் நாளிலிருந்தே தனியாகச் சேர்த்து வையுங்கள்.