"காலையில பசிக்கவே மாட்டேங்குது, மேடம்"

கோயம்புத்தூர்ப் பக்கக் கல்லூரி விடுதிகளுக்குப் போய் உணவு ஆலோசனை சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. முதலாமாண்டுப் பிள்ளைகளிடம் பேசும்போது பாதி நேரம் பழைய என்னையே பார்ப்பது போலிருக்கும். காய்கறி சாப்பிடு, தண்ணீர் குடி என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன். விடுதியில் சாப்பாட்டு விஷயத்தில் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

இரவு பதினொன்றரைச் சாப்பாடு

காலை உணவைத் தவிர்ப்பதுதான் பெரிய தவறு என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். ஏன் சாப்பிடவில்லை என்று ஒரு பெண்ணைக் கேட்டேன். "காலையில பசிக்கவே மாட்டேங்குது, மேடம்" என்றாள். பொய் இல்லை. நள்ளிரவில் பரோட்டா சால்னா சாப்பிட்டவளுக்கு எட்டு மணிக்கு எப்படிப் பசிக்கும்?

கணக்கு இப்படி ஓடும். மெஸ்ஸில் ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கு. படிப்போ அரட்டையோ, தூங்க ஒரு மணி ஆகிவிடும். பதினொன்றரைக்குப் பசிக்கும், அது நியாயமான பசிதான். ஆப்பில் ஆர்டர், இல்லாவிட்டால் கெட்டிலில் நூடுல்ஸ். காலை எட்டு இருபதுக்கு எழுந்து ஒரு டீ. பத்தே முக்கால் பிரேக்கில் இன்னொரு டீயும் பப்ஸும். மதியம் அகோரப் பசியில் தட்டு நிறையச் சோறு, பொரியல் மட்டும் ஊறுகாய் அளவு. கை கழுவியதும் மூன்றாவது டீ.

நானும் இப்படித்தான் இருந்தேன், அதுவும் ஊட்டச்சத்துப் பாடம் படித்துக்கொண்டே. இரண்டாம் ஆண்டில் ஹீமோகுளோபின் அளக்கும் செய்முறை வகுப்பு. முதலில் விரலை நீட்டியவள் நான். 8.9 வந்தது. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. குழாயைக் கழுவிவிட்டு மறுபடி பார்த்தோம், அதேதான். மூச்சு வாங்குவதற்கு நாலாவது மாடி ரூம்தான் காரணம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

வாரத்தில் இரண்டு நாள் முருங்கைக்கீரை சாப்பிட்டவள்தான். ஆனால் கீரை, பருப்பிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதே குறைவு. டீயிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதையும் கட்டிப்போட்டுவிடும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்கிறது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். டீயை விடச் சொல்லவில்லை, நாலு மணிக்குக் குடியுங்கள். எனக்கு மருத்துவர் இரும்பு மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். உங்களுக்கும் அப்படி மூச்சு வாங்கினால் முதலில் ரத்தப் பரிசோதனை.

சரி, பதினொன்றரைக்கு என்ன செய்வது? பசியோடு படுக்க வேண்டாம். ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, ஒரு வாழைப்பழம் போதும். 30 கிராம் கடலையில் சுமார் 7 கிராம் புரதம் இருக்கிறது. இதோடு நிறுத்திப் பாருங்கள், சில நாளில் காலை இட்லி தானாக இறங்கும்.

இதில் பணக் கணக்கும் உண்டு. மெஸ் செலவை எல்லோருக்கும் பங்கு போடும் டிவைடிங் சிஸ்டம் உள்ள விடுதியில் நீங்கள் மெஸ்ஸுக்குப் போகாவிட்டாலும் உங்கள் பங்கு பில்லில் வந்துவிடும். பரோட்டாக் காசு அதற்கு மேல்.

முட்டையைக் கொடுத்துவிட்டு பவுடர் வாங்குவது

ஜிம்முக்குப் போகும் பையன்கள் செய்வது. மெஸ் முட்டை வாசம் அடிக்கிறது என்று ரூம்மேட்டுக்குத் தள்ளிவிடுவார்கள், அலமாரியில் பெரிய புரோட்டீன் பவுடர் டப்பா இருக்கும். 60 கிலோ எடைக்கு ஒரு நாளுக்குச் சுமார் 50 கிராம் புரதம். கடுமையாக எடை தூக்கினால் கொஞ்சம் கூடுதலாகத் தேவைதான். ஆனால் ஒரு முட்டையில் 6 கிராம், சாயங்காலச் சுண்டல், பருப்பு, தயிர் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அப்புறம் டப்பாவைப் பற்றிப் பேசலாம்.

சோற்றை அடியோடு நிறுத்துவது

வேண்டாம். குறைத்துக்கொண்டு, அந்த இடத்தில் பொரியலும் கூட்டும் வையுங்கள்.

போனோடு சாப்பிடுவது

மதியம் என்ன பொரியல் என்று சாயங்காலம் கேட்டால் தெரியாது. ரீல்ஸ் மட்டும் ஞாபகம் இருக்கும்.

அறையில் உட்கார்ந்து மெஸ்ஸைத் திட்டுவது

மெஸ் கமிட்டிக் கூட்டத்துக்குப் போய்த் திட்டுங்கள். நாங்கள் ஒருத்தியும் போகவில்லை. மூன்று வருடமும் திங்கட்கிழமை உருளைக்கிழங்குதான்.